அம்மாவின் சைக்கிளும் ஆயுள் வாரண்டியும்

சென்ற வாரம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் சைக்கிளில் வந்து நின்ற பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் சீட் தாழ்வாக இருக்கிறது, முழங்கால் கெட்டுப்போகும்" என்றார். முன்னால் ஒரு வணக்கம் இல்லை, பின்னால் ஒரு புன்னகை இல்லை. பச்சை விழுந்தது, போய்விட்டார். நெதர்லாந்துக்கு வந்த புதிதில் இப்படி யாராவது சொன்னால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்து சீட்டை உயர்த்திக்கொள்கிறேன். முழங்காலுக்கு இது நல்லதுதான் போலிருக்கிறது.

இதையே எங்கள் பக்கத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் விதம் வேறு. எங்கள் பக்கம் என்றால் பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். "ஏனுங் அம்மிணி, எந்த ஊட்டுப் புள்ளைங்க?" என்று முதலில் ஆரம்பிப்பார். அப்பாவின் பெயரைச் சொன்னதும் "அட, நம்ம புள்ளை" என்பார். உங்கள் தோட்டத்தில் மழை எப்படி, தேங்காய் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிப்பார். கடைசியில் கிளம்பும்போது, "சீட்டு சித்தே எறக்கமா இருக்குதோ என்னமோ, எனக்கென்னங்க தெரியும்" என்று எங்கோ பார்த்தபடி சொல்லிவிட்டுப் போவார். எங்கள் ஊரில் சிக்னல் வைக்காதது நல்லதுதான். பச்சை விழுந்து விழுந்து சலித்துப்போயிருக்கும்.

இந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என் அம்மாவின் சைக்கிள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் மகள் பிறந்தபோது பேறுகாலம் பார்க்க அம்மா நாங்கள் இருக்கும் உத்ரெக்ட் நகரத்துக்கு வந்தாள். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதுவரை அம்மா எங்கே போனாலும் யாருக்காவது பின்னால் உட்கார்ந்துதான் போயிருக்கிறாள். முதலில் அப்பாவின் சைக்கிள் கேரியர், அப்புறம் மொபெட், அதன் பிறகு அண்ணனின் கார். இங்கே வந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தன்னைவிட மூத்த பெண்மணிகள் மழையில் நனைந்துகொண்டு சைக்கிளில் போகிறார்கள். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நாள் அதைப் பார்த்தாள். பிறகு ஒருநாள், "நானும் ஒருக்கா ஓட்டிப் பாக்கட்டுமா கண்ணு?" என்றாள். கேட்ட குரலைப் பார்த்தால் ஏதோ தப்புக்காரியம் செய்ய அனுமதி கேட்பவள்போல் இருந்தது.

குறுக்குக் கம்பி இல்லாத, சின்னச் சக்கரம் வைத்த, கரும்பச்சை நிறச் சைக்கிள் ஒன்றை வாங்கினோம். சீட்டில் உட்கார்ந்தால் அம்மாவின் இரண்டு காலும் தரையில் பதியும். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த கார் நிறுத்துமிடத்தில் என் கணவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓட, அம்மா சேலைக்கு மேல் என்னுடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிப் பழகினாள். ஒருநாள் அவர் கையை விட்டுவிட்டார். அது தெரியாமல் அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து, நின்று, இறங்கி, கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அங்கே காரை எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் பீட்டர், "அவளுக்கு எங்காவது வலிக்கிறதா?" என்று கேட்டார்.

சைக்கிள் வாங்கியபோது கடைக்காரர் அம்மாவின் பெயரில் பில் போட்டு, ஃபிரேமுக்கு ஆயுள் வாரண்டி, ஆனால் முதல் சொந்தக்காரருக்கு மட்டும்தான் என்று விளக்கினார். நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "ஆயுசுன்னா யாரு ஆயுசு? என்றதா, வண்டியோடதா?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் 'என்ற' என்றால் என்னுடைய என்று அர்த்தம். அம்மாவின் கேள்வியை அவரிடம் சொன்னேன். கடைக்காரர் இது நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு பில்லை நீட்டினார்.

ஊருக்குத் திரும்பும்போது சைக்கிளையும் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி எடுத்துப்போனாள். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் சுங்க அதிகாரி பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "ஏனுங்கம்மா, நம்மூர்ல சைக்கிளே கெடைக்கறதில்லீங்களா?" என்று கேட்டாராம். "கெடைக்குமுங்க தம்பி. எனக்கு இந்த வண்டிதானுங்க பழக்கம்" என்று அம்மா பதில் சொன்னாளாம். அவர் சிரித்துவிட்டு, திரும்ப நாடா ஒட்டிக் கொடுத்தாராம். பிற்பாடு நான் ஊருக்குப் போயிருந்தபோது பொள்ளாச்சிக் கடையில் அதேபோல் ஒரு சைக்கிளில் ஏறிப் பார்த்துவிட்டு அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "காலு எட்டுது கண்ணு. மனசு எட்டமாட்டேங்குது."

அந்தச் சைக்கிள் ஊரில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. கொப்பரை காயப்போடும் களம் மெயின்ரோட்டில். அப்பா போனபின் களத்தின் பொறுப்பு அம்மாவுடையது என்றார்கள். ஆனால் அண்ணன் காரை எடுத்தால்தான் அம்மா களத்தைப் பார்க்க முடியும். அண்ணனுக்கு எப்போது சோலி இல்லையோ அப்போதுதான் அம்மாவுக்குக் களம். சைக்கிள் வந்தபின் காலையில் யாரையும் கேட்காமல் கிளம்பினாள். களத்தைப் பார்த்துவிட்டு, அப்படியே கோயிலுக்கு, அப்படியே சின்னவயதுத் தோழி வீட்டுக்கு, அப்படியே எங்கேயும் இல்லாமல் வாய்க்கால் ஓரமாக ஒரு சுற்று. போனில் பேசும்போது மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்கலைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அம்மா விழுந்துவிடுவாளோ என்ற பயம் பாதி. மீதிப் பாதியை அவனே வெளிப்படையாகச் சொன்னான்: "காரு வெச்சிருக்கறவன் அம்மாளைச் சைக்கிள்ல உட்டிருக்கறான்னு ஊருக்குள்ள பேச மாட்டாங்களா அம்மிணி?" பேசினார்கள். ஒரு வருடம் பேசினார்கள். அப்புறம் வேறு விஷயம் கிடைத்தது.

போன கோடைவிடுமுறைக்கு மகளோடு ஊருக்குப் போயிருந்தபோது அம்மா என்னைச் சைக்கிளிடம் கூட்டிப்போய்க் காட்டினாள். சீட்டுக்குக் கீழே, இரண்டு குழாய் சேரும் இடத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தது. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. நான் நகத்தால் நெருடிப் பார்த்தேன். நகம் உள்ளே இறங்கியது. ஃபிரேம் விரிசல் விட்டிருந்தது.

விஷயம் பரவியதும் அந்த விரிசலைக் காவல் காப்பதே என் வேலை ஆகிவிட்டது. கம்பெனிக்கு எழுதினால் அவர்கள் முதலில் சொன்னது, யாரும் கைவைக்கக் கூடாது, வெல்டிங் வைத்தால் வாரண்டி போய்விடும் என்பதுதான். ஆனால் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு பொருளை உடைந்தபடியே வைத்திருப்பது சோம்பேறித்தனத்தில் சேர்த்தி. தேங்காய் இறக்க வந்தவர், "வெல்டிங் பத்த வெச்சாப் போச்சுங்க" என்றார். பால் ஊற்ற வந்தவருக்குக் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மச்சான் இருந்தார். "அலுமினியமாவே இருக்கட்டுமுங்க, அவன் பாத்துக்குவான்" என்று சைக்கிளைத் தூக்கவே தூக்கிவிட்டார். உடைந்ததைச் சரிசெய்யாமல் போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் என்னை எல்லோரும் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் சைக்கிளைக் கொப்பரை மூட்டை வைக்கும் அறையில் வைத்துப் பூட்டினேன்.

போட்டோக்களைப் பார்த்த கம்பெனி, சைக்கிள் வெளிநாட்டில் இருப்பதால் வீடியோவில் சொந்தக்காரரிடமே நேராகப் பேச வேண்டும் என்று எழுதியது. பேசப்போவது எல்ஸ் என்ற பெண். இந்த இடத்தில் நான் உஷாராக இருந்திருக்க வேண்டும். ஏன் என்று தெரிய, எங்கள் ஊர் வேலிச் சண்டையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த தோட்டத்து மாடு வேலி தாண்டி வந்து நம் சோளத்தை மேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராகப் போய் "உங்கள் மாடு மேய்ந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது. சொன்னால் சண்டை. அவர் வீட்டுக்குப் போய், மோர் குடித்து, "எங்க வேலி செரியில்லீங்க, அதானுங்க உங்க மாடு வந்துருச்சு" என்று சொல்ல வேண்டும். அதாவது, தப்பை முதலில் நம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். உடனே அவர் பதறிப்போய், "அட அதெப்படிங்க, மாட்டைக் கட்டாம உட்டது எங்க தப்புங்க" என்று தன் பக்கம் இழுப்பார். கொஞ்ச நேரம் இப்படியே தப்பை ஆளுக்கு ஆள் இழுத்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் காலையில் நம் வீட்டு வாசலில் இரண்டு கட்டுத் தீவனம் இறங்கியிருக்கும். எல்லாம் சுபம். இதில் ஒரே ஓர் ஆபத்துதான் உண்டு. "எங்க வேலி செரியில்லீங்க" என்று நாம் சொல்லும்போது எதிராளி, "ஆமாமா, உங்க வேலி சரியில்லைதான்" என்று சொல்லிவிட்டால் அதோடு உறவு முடிந்தது. அப்படிச் சொன்ன குடும்பம் ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்றைக்கும் மொய் மட்டும்தான் போகும், ஆள் போகாது.

எல்ஸ் திரையில் வந்தாள். முப்பது வயதிருக்கும், வெளிறிய முகம், பின்னால் ஒரு செடிகூட இல்லாத வெள்ளைச் சுவர். அம்மா கும்பிட்டாள். "சாப்டாச்சான்னு கேளு" என்றாள். கேட்டேன். "இல்லை" என்றாள் எல்ஸ். எங்கள் ஊரில் பட்டினி கிடப்பவர்கூட அந்தக் கேள்விக்கு ஆச்சு என்றுதான் சொல்வார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

எல்ஸ் கேள்விகளைப் படிக்க ஆரம்பித்தாள். சைக்கிள் எதிலாவது மோதியதா? இல்லை. யாராவது பழுதுபார்த்தார்களா? இல்லை, நான் பூட்டி வைத்திருக்கிறேன். விரிசலுக்குக் காரணம் என்னவென்று நீங்கள் நினைக்கிறீர்கள்? இதை நான் தமிழில் முடிப்பதற்குள், "நோ, நோ" என்று அம்மா இரண்டு கையையும் உயர்த்தினாள். "குட் வண்டி. மை மிஸ்டேக். ஹெவி வெயிட். மை மிஸ்டேக்."

ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். நான் குறுக்கே விழுந்து மாற்றிச் சொல்ல வழியே இல்லை. எல்ஸ் டைப் செய்யும் சத்தம் கேட்டது. அம்மா என்ன பாரம் ஏற்றினாள் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் ஏற்றவில்லை. பாரம் வைத்தால் வண்டி ஆடும் என்று பயந்து, கேரியரில் குடையைக்கூட அவள் வைத்ததில்லை. குடையைப் பிடரிக்குப் பின்னால் ரவிக்கையில் மாட்டிக்கொண்டு போவாள். "எல்ஸ், அம்மா அதை மரியாதைக்காகச் சொல்கிறாள்" என்றேன்.

"அப்படியென்றால் அது பொய்யா?"

"பொய் இல்லை."

"உண்மையா?"

"உண்மையும் இல்லை."

எல்ஸ் தன் படிவத்தைத் திரையில் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். கோபமே இல்லாமல், உதவிசெய்ய விரும்பும் குரலில், "என்னிடம் இரண்டு கட்டம்தான் இருக்கிறது" என்றாள்.

அவள் போனதும் அம்மாவிடம் குதித்தேன். எதற்கு அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அம்மா அமைதியாக, "இன்னும் வாய்ல ஒரு வாய் போடாம வேலை பாக்கற புள்ளைகிட்டப் போயி உம்மேல தப்புன்னா சொல்லுவாங்க? நாம ஒரு வார்த்தை நம்ம மேல போட்டுக்கிட்டா, அது 'இல்லீங்கம்மா, எங்க தப்புங்க'ன்னு சொல்லீரும் பாரு" என்றாள்.

அது சொல்லவில்லை. மெயில் வந்தது. விரிசல் வெல்டிங் இடத்தில் இருப்பதால் தயாரிப்புக் குறையாக இருக்கலாம் என்று அவர்களுடைய தொழில்நுட்ப ஆட்களே நினைக்கிறார்களாம். ஆனால் அதிகப் பாரம் ஏற்றியதாகச் சொந்தக்காரரே சொல்லியிருப்பதால் கோரிக்கையை ஏற்க முடியாதாம். சொந்தக்காரர் தன் வாயால் அதைத் திருத்திச் சொன்னால் மறுபடியும் பார்ப்பார்களாம். எல்ஸ் எங்கள் வேலியைப் பார்த்து, ஆமாம், சரியில்லைதான் என்று சொல்லிவிட்டாள்.

அம்மா திருத்திச் சொல்ல மாட்டேன் என்றாள். "ஒருக்காச் சொன்னதை மாத்திச் சொன்னா என்னைப் பத்தி என்ன நெனைக்கும் அந்தப் பொண்ணு?" நான் கெஞ்சினேன், கத்தினேன். அவள் அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். அம்மா அவனுக்கு ரசம் ஊற்றியபடி, "நாந்தான் பாரம் எச்சா வெச்சுப்போட்டேனாட்ட இருக்குது சாமி" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அந்த வாக்கியத்தை அவனிடம் நீட்டிவிட்டுக் கரண்டியோடு நின்றாள். அவன் "அட போம்மா, உம்மேல என்ன தப்பு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைக் கேட்டால் அம்மாவுக்கு வேறெதுவும் வேண்டாம் என்று அந்த நிமிடம் எனக்குப் பட்டது.

அண்ணன் ரசத்தைப் பிசைந்தான். "அதான் நீயே சொல்லீட்டயேம்மா, பாரம் வெச்சேன்னு. நான் அப்பவே சொன்னன்ல, உனக்கு எதுக்கு இந்த லொள்ளுன்னு. இத்தோட உட்டுரு. எங்க போகோணும்னாலும் சொல்லு, நான் காரை எடுக்கறேன்."

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்ஸுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, அதனால் அப்படிச் சொன்னாள். அண்ணனுக்குத் தெரியும். எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் மோரைக்கூட எடுத்து வைக்கவில்லை. அவனே எழுந்துபோய் ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்து, சுருக்கம் இல்லாத சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணைக் கூப்புடு" என்றாள். இப்போது அங்கே விடிந்திருக்காது என்றேன். "செரி, விடியட்டும்" என்று உட்கார்ந்தபடியே இருந்தாள். நான் மெயில் போட்டு நேரம் வாங்கினேன். அது வரும்வரை அவள் சேலைகூட மாற்றவில்லை. அண்ணன் களத்துக்குக் கிளம்ப வந்து, வாசலில் காருக்குப் பக்கத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். திரையில் எல்ஸ் வந்ததும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான்.

"சாப்டாச்சான்னு கேளு."

எல்ஸ் இந்த முறை, ஆமாம், இரண்டு ரொட்டி, என்றாள். அம்மா தலையாட்டினாள். அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு நேராகத் திரையைப் பார்த்தாள்.

"நான் பாரம் வெக்கலைங்க. கொடை கூட வெச்சதில்லீங்க. அன்னிக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன். என்ற மேல தப்பில்லை. வண்டி மேல தப்பு. உங்க கம்பெனி மேல தப்பு." கொஞ்சம் நிறுத்தி, வாசல் பக்கம் திரும்பாமலே, குரலை மட்டும் உயர்த்தி, "எனக்கு என்ற வண்டி வேணும்" என்றாள்.

மொழிபெயர்த்தேன். ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்ஸ் கேட்டு முடித்து, "ஹெல்டர்" என்றாள். டச்சில் தெளிவு என்று அர்த்தம். அந்த ஊரில் ஒருவரைப் புகழ இதற்கு மேல் வார்த்தை கிடையாது. "இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம்" என்றும் சொன்னாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. வாசலில் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

அன்று மத்தியானம் அம்மாவால் சாப்பிட முடியவில்லை. அந்தப் பொண்ணு மூஞ்சி சுண்டிப்போச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை, அவள் சந்தோஷமாகத்தான் போனாள் என்றால் நம்பவில்லை. எல்ஸுக்கு என்று ஒரு டப்பா நிறைய வெல்லம் போட்ட கச்சாயப் பலகாரம் சுட்டு, நான் உத்ரெக்டுக்குக் கிளம்பும்போது பெட்டியில் வைத்தாள். நான் எல்ஸுக்கு எழுதிக் கேட்டேன். வாடிக்கையாளரிடம் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி என்று பதில் வந்தது. கச்சாயத்தைப் பீட்டருக்குக் கொடுத்தோம். நின்றபடியே இரண்டு சாப்பிட்டுவிட்டு, இனிப்பு மிக அதிகம் என்றார். அப்புறம் மூன்றாவதை எடுத்தார்.

கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். நிபந்தனைகள் இரண்டு. பழைய ஃபிரேமை யாரும் இனி ஓட்ட முடியாதபடி இரண்டாக அறுத்து, போட்டோ அனுப்ப வேண்டும். புதிய ஃபிரேமை, சைக்கிள் வாங்கிய நாட்டில், வாங்கிய கடையில்தான் கொடுப்பார்கள்.

அறுத்தவன் அண்ணன். அம்மாவே ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து வந்து வாங்கிக்கொண்டானாம். அம்மா ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க, அவன் அறுத்திருக்கிறான். போனில் அம்மா சொன்னாள்: பாதி அறுத்தபோது நிறுத்தி, "புதுசு வந்தா மறுக்காவும் ஓட்டுவியாம்மா?" என்று கேட்டானாம். ஓட்டுவேன் என்றாளாம். "செரி, கெட்டியாப் புடி" என்று மீதியையும் அறுத்தானாம். போட்டோவில் கரும்பச்சை ஃபிரேம் சிமெண்டுத் தரையில் இரண்டு துண்டாகக் கிடந்தது. ஓரத்தில் அண்ணனின் செருப்புக்கால் தெரிந்தது. சக்கரம், ஹேண்டில், சீட், பெல் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, கொப்பரை அறையில் சாக்கு விரித்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள்.

புதிய ஃபிரேம் கடைக்கு வந்து, நான் வீட்டுக்குக் கொண்டுவந்து சில மாதங்கள் ஆகின்றன. கரும்பச்சை இப்போது தயாரிப்பில் இல்லையாம். சாம்பல் நிறம். எங்கள் வீட்டு நடைவழியில் கோட்டு மாட்டும் இடத்துக்குக் கீழே சாய்ந்து நிற்கிறது. கதவைத் திறந்தால் முதலில் அதைத்தான் இடித்துக்கொள்வோம். ஒருநாள் பீட்டர் அதைப் பார்த்துவிட்டு, சக்கரம் எங்கே என்றார். இந்தியாவில் இருக்கிறது என்றேன். யோசித்து, "அது நடைமுறைக்கு ஒத்துவராதே" என்றார்.

அம்மா இப்போது களத்துக்கு நடந்தே போகிறாள். வெயில் ஏறினால் அண்ணன் காரை எடுக்கிறான். முன்போல் அவனுக்குச் சோலி இருப்பதில்லை, கேட்டதும் வருகிறான், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வாய்க்கால் ஓரம் ஒரு சுற்றுச் சுற்றிவரக் காரை எடுக்கச் சொல்ல முடியாது. போனில் அம்மாவுக்கு மூச்சு வாங்குவதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "எப்பக் கொண்டாரே?" என்று கேட்டாள்.

"பாக்கலாம்மா. தைக்குப் பாக்கலாம்."

எங்கள் பக்கத்தில் 'பார்க்கலாம்' என்றால் இல்லை என்று அர்த்தம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவரிடமும், பெண் கேட்டு வந்தவரிடமும் அதைத்தான் சொல்வோம். கேட்டவர்களும் புரிந்துகொண்டு, சரி என்று போய்விடுவார்கள். இங்கே வந்த நாளிலிருந்து நான் அம்மாவிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வருடம் வருவாயா? பார்க்கலாம்மா. ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடுவீர்களா? பார்க்கலாம்மா. அவளும் "செரி சாமி" என்று போனை வைத்துவிடுவாள்.

இந்த முறை வைக்கவில்லை. கூரியரில் அனுப்பிவிடட்டுமா, செலவானாலும் பரவாயில்லை என்றேன்.

"கூரியர்ல நீ வருவியா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இங்க பாரு கண்ணு. அந்தப் பொண்ணுகிட்ட நான் நேராச் சொன்னன்ல. கையெல்லாம் நடுங்குச்சு, ஆனாச் சொன்னேன். நீயும் நேராச் சொல்லு. திரும்பி வந்துருவியா, இல்ல அங்கயேதானா? எதுவா இருந்தாலும் நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

நான் நடைவழியில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே மகள் டச்சில் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை முழுங்கினேன். "தெரியலம்மா" என்றேன். "நெசமாவே தெரியல."

அந்தப் பக்கம் அம்மா எழுந்து நடக்கும் சத்தம். பிறகு கொப்பரை அறைக் கதவின் தாழ்ப்பாள் திறப்பது கேட்டது.

"செரி. அப்ப இந்தச் சக்கரத்துக்குக் காத்தடிச்சு வெக்கட்டுமா, வேண்டாமா? அடிக்காமப் போட்டா ரப்பர் வெடிச்சுப்போகும்ங்கறாங்க. அத மட்டும் சொல்லு."

"அடிச்சு வைம்மா."

போனைக் கீழே வைத்துவிட்டாள் போலிருக்கிறது, கட் செய்யவில்லை. பம்ப் அடிக்கும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடிக்க அடிக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் ஃபிரேமைப் பிடித்துக்கொண்டு, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.